கால்மாட்டுக் கயிறு

அலமாரிக் கண்ணாடியில் லீனாவின் நெற்றி தெரியவில்லை. முகம் புருவம்வரை தெரிந்தது, அதற்குமேல் தேக்குச் சட்டம் மறைத்தது.

"என்னப்பா, எனக்கு பாதி தலயக் காணோம்!" என்று சிரித்தாள் மகள்.

பாக்கியநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. சூலியா தெருச் சந்தில் முப்பது வருடமாகத் தச்சுக் கடை வைத்திருக்கிறார். சொன்ன அளவுக்கு அரை விரல் தவறிய சாமான் அங்கிருந்து வெளியே போனதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். பெற்ற பெண்ணின் கல்யாண அலமாரி நான்கு விரல் குட்டை என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே நடப்பது? மாப்பிள்ளை நிபோங் திபால் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி. மாதா கோவிலில் இரண்டாவது கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. அடுத்த மாதம் பெண்ணும் அலமாரியும் படகேறி அக்கரைக்குப் போக வேண்டும்.

ஆணியில் தொங்கிய அளவுக் கயிற்றை எடுத்து அலமாரியோடு ஒட்டிப் பார்த்தார். அளவு கச்சிதமாக இருந்தது. அப்படியானால் கயிறுதான் தப்பு. மூக்கருகே கொண்டுபோனார். மரத்தூள் நெடிக்கும் வார்னிஷ் நெடிக்கும் அடியில், மெல்ல, சாம்பிராணி வாசனை வந்தது. அதோடு பிணத்தின்மேல் தெளிக்கிற ஓடிகோலன் வாசனையும்.

கடையில் அடிக்கோல் இருந்தாலும் அவர் நம்பியது சணல் கயிற்றைத்தான். ஆளை நிறுத்தி உச்சியிலிருந்து பாதம்வரை பிடித்து நறுக்குவார். வேலை முடிந்ததும் கயிறு அடுப்புக்குப் போகும். சவப்பெட்டிக் கயிறு மட்டும் வேறு. அதை எரிக்கக்கூடாது, கடையிலும் தங்கவிடக்கூடாது. செத்தவரின் கால்மாட்டில் வைத்து, பெட்டியோடு மூடி, மண்ணுக்குள் அனுப்பிவிட வேண்டும். தச்சர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் பாலிக் புலாவிலிருந்து லாரன்ஸ் வந்தார். ஜாதிக்காய்த் தோட்டத்துக்காரர். அவருடைய அக்கா அமலம்மாள் இறந்துவிட்டாள் என்று சொல்லி, அவளை அளந்த கயிற்றோடு நின்றார். அன்று காலைதான் லீனாவையும் அளந்திருந்தார் பாக்கியநாதன். ஒரே ஆணியில் இரண்டு கயிறு. வெயில் காலம், பிணம் தாங்காது. கையிருப்பு மெராந்திப் பலகை முழுவதையும் போட்டு ஒரே மூச்சில் பெட்டியை முடித்து, ஆணியிலிருந்து கைக்கு வந்ததைச் சுருட்டி லாரன்ஸிடம் கொடுத்தார்.

தன் மகளின் உயரத்தைத்தான் கொடுத்திருக்கிறார். அது இப்போது மண்ணுக்குள் கிடக்கிறது.

மனைவி அன்னமேரியிடம் அளவு தவறியதாக மட்டும் புலம்பினார், கயிறு மாறியதைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி நான்கு விரல் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழையின் இரைச்சலையும், ஓரமாக வழிந்து வாளியில் விழுந்த தண்ணீரின் சலசலப்பையும், சந்தில் ரிக்‌ஷாக்காரன் போட்ட கூச்சலையும் தாண்டி, எங்கோ பலகையை யாரோ விரல் முட்டியால் தட்டுகிற ஓசை அவர் காதில் விழுந்தது. அலமாரிக்குள்ளிருந்தா? இல்லை. தட்டும் ஓசையை வைத்தே மரத்தின் பெயர் சொல்லக்கூடியவர் அவர். இது தேக்கு இல்லை. மெராந்தி. கடையில்தான் மெராந்தியே கிடையாதே.

உளியோடு அலமாரியருகே போனார். லீனா கண்ணாடிமுன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். பாதி நெற்றி தெரிந்தது.

கண்ணாடியை அவர் இன்னும் தொடவே இல்லை. குனிந்து பார்த்தார். அவள் வெறும் பாதங்கள் தரையில் பதிந்திருந்தன. முழங்கால் மடங்கவில்லை, முதுகு வளையவில்லை. அவளேதான் குள்ளமாகியிருந்தாள்.

மூன்றாம் நாள் லீனாவின் சேலை தரையில் இழுபட்டது. வெற்றிலையைத் தொட்டே அறியாத பெண், "ஏ புள்ள, ஒரு வெத்தல மடிச்சுக் குடு" என்று பெற்ற தாயைக் கேட்டாள். அன்னமேரி அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

"இங்க வந்து பாருங்க. ஒங்க பொண்ணு மொகம் முழுசா தெரியுதுலா. சரியான அளவுலதான் செஞ்சிருக்கீங்க, சும்மா பொலம்புனீங்க."

பார்த்தார். நெற்றி, வகிடு, உச்சி எல்லாம் சட்டத்துக்குள் அடங்கியிருந்தன. மேலே ஒரு விரல் இடம்கூட இருந்தது. கண்ணாடி வழியாக அவள் அவரையே பார்த்தாள்.

"நல்ல வேல, தச்சரே" என்றாள்.

அப்பா என்று சொல்லவில்லை.

அவர் பாலிக் புலாவுக்குப் பஸ் பிடித்தார். மலைப்பாதை நெடுக ஈர மண் வாசனை. எஞ்சின் சத்தத்துக்கு அடியில் அதே தட்டல். டொக். டொக்.

கயிறு மாறிப்போனதை லாரன்ஸிடம் சொன்னார்.

"நாந்தாண்ணே கால்மாட்டுல வச்சேன். கயிறு நீளமா இருக்கேன்னு தோணுச்சி. ஒங்களக் கேக்கல."

"தோண்டணும், தம்பி."

"கோவில் சாமியாருக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். எம்புள்ள போயிட்டு இருக்கா."

லாரன்ஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. தோட்டத்தை ஒட்டிய சின்னக் கல்லறை மேடு. மண் இளகிக் கிடந்தது. தோண்டத் தோண்டத் தட்டல் நெருங்கியது. லாரன்ஸுக்கும் கேட்டது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெட்டி தெரிந்தது. தலைமாடு சரியாக இருந்தது. மூடி சரியாக இருந்தது.

கால்மாட்டுப் பலகை இல்லை.

பாக்கியநாதன் தன் கையால் அறைந்த ஆணிகள் பெயர்ந்து வெளியே நீண்டிருந்தன. பலகை உள்ளிருந்து உதைபட்டுச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. அந்தத் திறப்பு வழியாக இரண்டு பாதங்கள் நான்கு விரல் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கிழவியின் பாதங்கள் இல்லை.

குழியில் இறங்கிச் சேற்றைத் துடைத்தார். இடது சுண்டுவிரலில் நகம் கிடையாது. லீனாவுக்கு நான்கு வயதில் அவர் கைதவறி விட்ட உளி விழுந்தது அங்கேதான். அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்.

விரல் சூடாக இருந்தது.

மண்வெட்டி விழுந்தது. லாரன்ஸ் ஓடும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

மூடியில் காதை வைத்தார். தட்டல் நின்றது. உள்ளே மூச்சு. இழுத்து இழுத்து.

"அப்பா... பொட்டி பத்தலப்பா."

மூடி முனகியது. பாதங்கள் இன்னும் ஒரு விரல் வெளியே வந்தன.