காகித ஆலைக்குப் போன மஞ்சள் பெட்டி

"என் வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டது பல் டாக்டர்தான்னு போலீஸ் சொல்லுது. எனக்கு அது தொண்டைக்குள்ள இறங்கல, சார்."

அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றார். ஏதோ ஒரு நூலகத்தில் அதிகாரி என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் உடையவில்லை.

எதிரே இருந்தவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பீட்டு நிறுவனமொன்றில் விபத்துகளை ஆராயும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறார். பக்கத்தில் நின்றவன் அவருடைய மனைவியின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். கூடப்பிறந்த அக்காவே அவனுக்கு வைத்த பெயர் 'பட்டாசு'. அத்தானுக்கு ஒரு வழக்கு வந்துவிட்டால் அவன் பள்ளியில் அன்று யாரும் வண்டி பழக முடியாது.

"முதல்ல உட்காருங்க," என்றார் நிதானம். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

அவர் கணவர் லிஃப்ட் ஆய்வாளர். ஓய்வு நேரமெல்லாம் மாடி அறையில் பொம்மை ரயில் கட்டுவதிலேயே போகும். கூட்டாளி பல் டாக்டர். முந்தாநாள் அவர்கள் இருவருக்கும் விடுமுறை என்பதால் காலையிலிருந்தே மேலே இருந்தார்கள். மதியம் அந்த அம்மாள் நூலகத்துக்குப் போய்விட்டுப் பொழுது சாயும் வேளையில் திரும்பினார். கணவர் தரையில் கிடந்தார். மேசை ஓரத்து இரும்புப் பட்டடையில் ரத்தம். பின்மண்டையில் அடி. அன்று மூடிய கண்ணை அவர் இன்னும் திறக்கவில்லை.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"சாப்பிட்டு முடிச்சதுமே நான் கிளம்பிட்டேன்கிறார். ஆனா அவர் போனதை யாரும் பார்க்கல. என் தம்பி சாயங்காலம் வந்திருக்கான். மாடிக்கு ஏறினா, ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டையாம். சரி, நாம எதுக்கு நடுவுலன்னு வாசல்லேயே நின்னு பார்த்துட்டு இறங்கிட்டானாம். அதை வச்சுத்தான் போலீஸ் டாக்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடையுது."

"சண்டை போடுவாங்களா?"

"தினமும்! தண்டவாளம் ஒரு சாண் நீளமா இருக்கணுமா, கம்மியா இருக்கணுமான்னு அடிச்சுக்குவாங்க. அப்புறம் ஒரே தட்டுல சாப்பிடுவாங்க. அதுக்காக மண்டையை உடைப்பாங்களா?"

பட்டாசு அத்தானைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

மாடி அறையை அந்த அம்மாள் பூட்டியே வைத்திருந்தார். ஆம்புலன்ஸ் போனதும் பூட்டியது. பிறகு போலீஸ் வந்து படம் எடுத்ததைத் தவிர வேறு யாரும் உள்ளே போகவில்லை. தம்பி நேரே மருத்துவமனைக்கு வந்தவன், அங்கேயே போலீசாரிடம் வாக்குமூலம் கொடுத்தான்.

கதவு திறந்ததும் பட்டாசு வாயைப் பிளந்தான். சுவரின் நீளத்துக்கு, இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை. அதன்மேல் ஒரு தொழிற்பேட்டையே இருந்தது. துருவேறிய தகரக் கூரைகள், மாவு ஆலை, குளிர்பதனக் கிடங்கு, கைவிரல் உயர விளக்குக் கம்பங்கள்.

"இது வட்டமா ஓடாதா?" என்றான்.

"ஓடாது. அமெரிக்கா மாதிரி. அங்கே ஒரு சின்ன எஞ்சின் யார்டுல இருந்து சரக்குப் பெட்டிகளை எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு ஆலை வாசல்லயும் விட்டுட்டு வருமாம். எதை முதல்ல எடுக்கணும், எப்படித் திருப்பணும்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கணும். அதுதான் விளையாட்டே," என்ற அந்த அம்மாள், 'மண்டை' என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நிதானம் பலகையை இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். இடது கோடியில் யார்டு. அங்கே தண்டவாளங்கள் எல்லாமே முட்டுக்கட்டையில் முடிந்தன. யார்டின் வாயிலில் எஞ்சினும், அதற்குப் பின்னால் ஒரு சிவப்புப் பெட்டியும் நின்றன. வலது கோடியில் காகித ஆலை. அதன் கிளைப்பாதையும் வலப்பக்கம் ஆலைச் சுவரில் முட்டி முடிந்தது. அங்கே தனியாக ஒரு மஞ்சள் பெட்டி.

அவர் குனிந்தார். "பட்டாசு, இந்தப் பெட்டியோட பின் சக்கரத்தைப் பாரு."

சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் இல்லை. பக்கத்தில் இறங்கி நின்றன.

"தடம் புரண்டிருக்கு, அத்தான்!"

"ம்."

நடுவே மெயின் லைனை ஒட்டி இன்னொரு தண்டவாளம் கொஞ்ச தூரம் கூடவே ஓடி மறுபடி சேர்ந்தது. அந்த லூப் லைனின்மேல் பெயின்ட் டப்பாக்களும் ஒரு பழைய அயர்ன் பாக்ஸும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இது யார் வச்சது?"

"ரெண்டு பேரும்தான். அன்னிக்குக் காலைல லூப் லைனைப் பிரிச்சு நீளமாக்கிப் புதுசா ஒட்டினாங்க. பசை காயற வரைக்கும் கனம் வேணும்னு என் அயர்ன் பாக்ஸையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தப்ப நான் பார்த்துக் கத்தினேன். அப்ப பெட்டி எல்லாமே யார்டுல எஞ்சினுக்குப் பின்னாடிதான் நின்னுச்சு."

பட்டாசு உதவி செய்யும் உற்சாகத்தில் அயர்ன் பாக்ஸைத் தூக்கப் போனான். அது வரவில்லை. பலம் கொடுத்தான். பலகையே கிறீச்சிட்டது.

"விடு!" நிதானம் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் குரல் உயர்ந்து அவன் கேட்டதே இல்லை. அவர் முட்டிபோட்டுப் பார்த்தார். அதிகமாக ஊற்றிய பசை தண்டவாளத்துக்கு மேலே பிதுங்கி வந்து, அயர்ன் பாக்ஸின் அடியைச் சுற்றிக் கண்ணாடிபோல இறுகியிருந்தது. ஒரு விரிசல்கூட இல்லை.

அவர் எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"உங்க தம்பி வாசல்ல நின்னப்ப என்ன பார்த்தாராம்? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

"அத்தான் கையில எஞ்சினை ஓட்டற கன்ட்ரோலர் இருந்துச்சு, எஞ்சின் ஒரு மஞ்சள் பெட்டியைக் காகித ஆலைக்குள்ள தள்ளிக்கிட்டு இருந்துச்சு, டாக்டர் பக்கத்துல நின்னு கத்திக்கிட்டு இருந்தார்னு சொன்னான். போலீஸ்கூட, இவ்வளவு துல்லியமா ஞாபகம் வச்சிருக்கீங்களேன்னு மெச்சினாங்க."

"இப்ப ஆஸ்பத்திரியில யார் இருக்காங்க?"

"தம்பிதான். காலைல இருந்து அவர் விரல் அசையுது, எப்ப வேணும்னாலும் முழிப்பு வரலாம்னாங்க. அதனாலதான் நகரவே மாட்டேன்னு கட்டில் பக்கத்துலேயே…"

அவர் நிதானத்தின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். பட்டாசுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை, ஆனாலும் அந்த அறையின் காற்றே கனத்துவிட்டது.

"அம்மா, நான் சொல்றதைக் கேள்வி கேட்காம செய்யணும். தம்பிக்குப் போன் போட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்க. போலீஸ் இன்னொரு தடவை கேட்கணுமாம்னு சொல்லுங்க. அவர் கிளம்பறதுக்கு முன்னாடி கட்டில் பக்கத்துல வேற ஒரு ஆள் இருக்கணும். பல் டாக்டரை உடனே அங்கே போகச் சொல்லுங்க."

"போலீஸ் சந்தேகப்படற ஆளையா அவர் பக்கத்துல உட்கார வைக்கச் சொல்றீங்க?"

"ஆமா."

அந்த அம்மாள் தன் அயர்ன் பாக்ஸைப் பார்த்தார். பின்பு தொலைபேசியை எடுத்து முதலில் டாக்டரைக் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க உடனே அவர்கிட்டப் போங்க. நர்ஸம்மா கிட்டயும் நான் சொல்லிடறேன். ஒரு நிமிஷம்கூட அவரைத் தனியா விடாதீங்க." அடுத்து தம்பியைக் கூப்பிட்டார்.

தம்பி வந்து சேரும்வரை பட்டாசு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். இதற்குள் நிதானம் காவல் ஆய்வாளரை வரவழைத்துக் கீழே கூடத்தில் உட்கார வைத்திருந்தார்.

தம்பி நல்ல வாட்டசாட்டமான ஆள். சரக்குக் கிடங்கு ஒன்றில் மேலாளர். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. பார்க்கவே பாவமாக இருந்தது.

"அக்கா, அவரை அப்படியே விட்டுட்டு வரச் சொல்றியே…" என்றபடி உள்ளே வந்தான்.

"அதிக நேரம் ஆகாது," என்ற நிதானம் கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தார். "நீங்க பார்த்ததை எங்களுக்குக் கொஞ்சம் நடத்திக் காட்டணும். மஞ்சள் பெட்டி அங்கேயே இருக்கட்டும். இந்தச் சிவப்புப் பெட்டியை எடுத்துட்டுப் போய் அது பக்கத்துல விடுங்க. உங்க அத்தான் விட்ட மாதிரியே."

"எனக்கு இதெல்லாம் ஓட்டத் தெரியாது, சார்."

"வலது பக்கம் திருப்பினா முன்னாடி போகும், இடது பக்கம் பின்னாடி. அவ்வளவுதான்."

அவன் திருப்பினான். எஞ்சின் மெல்ல உறுமி, சிவப்புப் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு மெயின் லைனில் வலப்பக்கம் ஓடியது. காகித ஆலையின் கிளைக்குள் திரும்பியது. மஞ்சள் பெட்டியின் மூக்கை லேசாக இடித்து நின்றது. சிவப்புப் பெட்டி பின்னால், ஆலை வாசலுக்கு வெளியே நின்றது.

"பெட்டி உள்ளே போகலையே," என்றார் நிதானம்.

அவன் பின்னால் எடுத்தான். முன்னால் விட்டான். மறுபடியும் எஞ்சின்தான் உள்ளே போனது. அவன் நெற்றியில் வேர்வை பூத்தது.

பட்டாசுக்கு அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது. தினமும் பிள்ளைகளுக்குப் பின்பக்கமாக வண்டி நிறுத்தச் சொல்லிக்கொடுப்பவன் அவன். "அத்தான்! பெட்டியைத் தள்ளணும்னா எஞ்சின் அதுக்குப் பின்னாடி வந்தாகணும். யார்டுல பின்னாடி போக வழியே இல்ல, முட்டுக்கட்டை. பெட்டியை மெயின் லைன்ல கழற்றி விட்டுட்டு, எஞ்சின் அதைச் சுத்திக்கிட்டு மறுபக்கம் வரணும். அப்படிச் சுத்தி வர ஒரே வழி இந்த லூப் லைன்!"

"அந்த லூப் லைன்மேல மதியத்துக்கு முன்னாடியே அயர்ன் பாக்ஸ் ஏறியாச்சு," என்றார் நிதானம். "அதை உங்க அக்காவே பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் யாரும் அதை அசைக்கல. அசைச்சிருந்தா பசை விரிஞ்சிருக்கும். ஆக, அன்னிக்குச் சாயங்காலம் எந்த எஞ்சினும் எந்தப் பெட்டியையும் காகித ஆலைக்குள்ள தள்ளியிருக்க முடியாது."

"அப்ப… அத்தான் கையால தூக்கி வச்சிருப்பார்."

"எஞ்சின் தள்ளினதைப் பார்த்தேன்னு சொன்னீங்களே. அதுவும் போக, உங்க அத்தான் வச்சிருந்தா சக்கரத்தைத் தண்டவாளத்துல ஏத்தாம விட்டிருப்பாரா? தண்டவாளம் ஒரு சாண் கூடவா குறையவான்னு நாள் முழுக்கச் சண்டை போடற மனுஷன் அவர்." நிதானம் அவன் அருகே வந்தார். "கீழே விழுந்து சிதறின பெட்டியை, இந்த விளையாட்டே தெரியாத ஒருத்தர் அவசர அவசரமாப் பொறுக்கி, காலியா தெரிஞ்ச இடத்துல வச்சிருக்கார். அறை பூட்டியே கிடந்துச்சு. மஞ்சள் பெட்டி அங்கே இருக்குன்னு ஆஸ்பத்திரியில உட்கார்ந்துக்கிட்டே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்க அதைப் பார்க்கல. நீங்கதான் வச்சீங்க."

கன்ட்ரோலர் அவன் கையிலிருந்து நழுவி, கம்பியில் தொங்கி ஆடியது.

"என் பழைய காப்பீட்டு ஆபீஸ்ல இப்பத்தான் விசாரிச்சேன். உங்க கிடங்குல சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்து ஒரு தொழிலாளிக்குக் கால் போச்சு, இல்லையா? அந்த லிஃப்டைச் சோதிச்சது உங்க அத்தான்."

"லிஃப்ட் கம்பெனி மேலதான் தப்புன்னு சொன்னியேடா," என்றார் அக்கா.

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "பாதுகாப்புப் பூட்டைக் கம்பி வச்சுக் கட்டச் சொன்னது நான்தான், அக்கா. சரக்கு தேங்கிக் கிடந்துச்சு, மேலே இருந்து நெருக்கினாங்க. அத்தான் அதைக் கண்டுபிடிச்சுட்டார். விசாரணைல சொல்லாதீங்கன்னு கால்ல விழாத குறையா கெஞ்சினேன். 'மைத்துனன்னா என்ன, அந்த ஆளுக்குக் கால் திரும்ப வருமா'ன்னார். கோபத்துல ஒரே ஒரு தள்ளு. அவர் பலகையைப் பிடிக்கப் பார்த்தார், பெட்டி எல்லாம் சரிஞ்சு… சத்தியமா வேணும்னு செய்யல, அக்கா."

பட்டாசு தன்னையறியாமல் அத்தானின் அருகே நகர்ந்து நின்றான். அவனும் ஒரு வீட்டுக்கு மைத்துனன்தான்.

அந்த அம்மாள் தம்பிக்கு முன்னால் வந்து நின்றார். அழுவார் என்று பட்டாசு நினைத்தான். அவர் அழவில்லை.

"கோபத்துல தள்ளினே. சரி. அதுக்கப்புறம்? அவர் ரத்தம் ஒழுகிக் கிடக்கிறப்ப, நீ பொம்மை வண்டியை எடுத்து அடுக்கிக்கிட்டு இருந்தியா?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"போன் உன் சட்டைப் பையிலதானே இருந்துச்சு?"

மாடிப்படியில் காவல் ஆய்வாளரின் காலடி கேட்டது. அதே நேரத்தில் அந்த அம்மாளின் தொலைபேசி மணி அடித்தது. பல் டாக்டர். அவர் பேசிய சத்தம் அறை முழுவதும் கேட்டது. "கண்ணைத் திறந்துட்டான்மா! உன்னைத்தான் கேட்கிறான். சீக்கிரம் வா!"

அந்த அம்மாள் தொலைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடினார். பட்டாசு கார் சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தான்.

"அக்கா…" என்றான் தம்பி, காவல் ஆய்வாளரின் பிடியிலிருந்து. "அத்தான்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

அந்த அம்மாள் வாசலில் நின்றார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தா, நீ என்ன செஞ்சிருந்தாலும் இன்னிக்கும் என் தம்பிதான்டா," என்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே காருக்கு இறங்கத் தொடங்கினார்.