இமைமேல் ஐஸ்

“என்னங்க, தெரிஞ்சவங்களா நீங்க? கண்ணடிச்சீங்களே...”

மழைக்குப் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றவளுக்குச் சுருக்கென்றது. கேட்ட நெட்டையன் சிரிக்க வேறு செய்தான். சாயங்காலமானால் அவளுடைய இடது இமை தானாகச் சரிந்துவிடும். ஊருக்கெல்லாம் தண்டோரா போடவா முடியும்? அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, நனைந்துகொண்டே நடந்தாள். சே... என்ன கண்கள் அவனுக்கு! அதை ஏன் கவனித்தோம் என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

இமை சரியும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். மறுநாள் சாயங்காலம், நரம்புப் பரிசோதனை அறையில் கையுறை மாட்டியபடி திரும்பிய டெக்னீஷியன்... சாட்சாத் அவனேதான். அவளைப் பார்த்தான், இமையைப் பார்த்தான், முகம் வெளிறியது. தினமும் சரிந்த இமைகளோடு மல்லுக்கட்டுகிறவன், நேற்று ஒன்றைக் கண்ணடிப்பு என்று நினைத்துத் தொலைத்திருக்கிறான்! வேறு ஆளை வரச் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நீங்களே பாருங்கள் என்றாள் வீம்பாக.

ஐஸைத் துணியில் சுற்றி அவளது மூடிய கண்மேல் வைத்தான். நரம்பு ஒரு ரசாயனத்தைத் தூது அனுப்பித்தான் தசையை அசைக்கிறதாம். அவளுக்குத் தூது கிளம்புகிறது, வாங்கிக்கொள்ளும் இடம்தான் அடைபட்டிருக்கலாம் என்றான். குளிரில் தூது சட்டென்று அழியாது. அதனால் இமை எழுந்தால், டாக்டர் சந்தேகப்படும் தசைச்சோர்வு நோய்தான் என்றான்.

எழக்கூடாது... எழக்கூடாது... என்று வேண்டிக்கொண்டாள். நரம்புக் கோளாறாம் என்று காதில் விழுந்ததுமே, பேசி முடித்த வரன் கழன்றுகொண்டது. பரிதாபப்பட்டு வருகிறவனுக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று அண்ணியிடம் அன்றே சொல்லிவிட்டாள்.

ஐஸை எடுத்தான். இமை எழுந்தது. இரண்டு கண்ணும் அகல விரிய, எதிரே அவன் முகம்தான் தெரிந்தது. மாத்திரை இருக்கிறது, கட்டுப்படுத்தலாம், மற்றதை டாக்டர் சொல்வார் என்றான்.

ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் மறுபடி மழை. வேலை முடிந்து பின்னாலேயே வந்தவனிடம் சீறினாள். “பரிதாபப்பட்டு வந்தீங்கன்னா, இப்படியே திரும்பிப் போயிடுங்க.”

“பரிதாபமா? நேத்து உங்களுக்கு நோய் இருக்குன்னே எனக்குத் தெரியாதே. நிஜமாவே கண்ணடிச்சீங்கன்னு நினைச்சேன்... ராத்திரி பூரா தூக்கம் வரல. இல்லைன்னு இன்னைக்குத் தெரிஞ்சதும் மனசே விட்டுப்போச்சு. உங்களைப் பிடிச்சிருக்குங்க.”

பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போனது. இருவரும் ஏறவில்லை.

“எனக்கும்தான் தூக்கம் வரல,” என்றாள் மெல்ல. “கோபத்துலதான் வரலன்னு நினைச்சிட்டிருந்தேன்...”