விளக்கடியில் ஒரு கவ்வாத்து

முருகையா முதலாளி ஆளைக் கூப்பிட்டால் அதில் பாதி கட்டளை, மீதி வசவு. அன்றும் அப்படித்தான். "எம் மரத்த வெட்டுன கேடு கெட்டவ எங்க வீட்டுக்குள்ளயே இருக்கா. நீங்க வந்து பாத்துட்டு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றார் போனில். ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன்ட் இருதயம்மா சும்மா ஆமாம் போடுகிற ரகம் இல்லை. அது தெரியாமல் கூப்பிட்டது முதலாளியின் கெட்ட நேரம்.

இருதயம்மா வழக்கமாகப் போகும் ஸமீமின் த்ரீவீலர் பதுளை டவுனைத் தாண்டி மேட்டில் ஏறியது. விசாரணை என்றால் ஸமீம் சோறு தண்ணி கூடக் கேட்க மாட்டான். வறண்ட கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்ததையும் பொருட்படுத்தாமல், வேலைக்காரப் பெண்தான் குற்றவாளி என்று வழி நெடுக அடித்துச் சொன்னான். இருதயம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டின் உள்ளறைக்கு ஜன்னலே கிடையாது. தட்டுத் தட்டாகப் போன்சாய் மரங்கள், அவற்றுக்கு மேலே பகலென்று நம்ப வைக்கிற எல்.ஈ.டி. விளக்குகள். நடுவில் இருந்ததுதான் முதலாளியின் உயிர்: கிழட்டுத் தேயிலைச் செடியின் அடிக்கட்டையைக் கொண்டுவந்து, பல வருடம் பாடுபட்டு வளர்த்த குட்டை மரம். கொழும்புக் கண்காட்சிக்குப் போக வேண்டிய அதை யாரோ மொட்டையாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய கொப்புகள் அதன் தலைமேலேயே இலைப்பக்கம் மேலாக நெருக்கமாகக் கிடந்தன.

அறைச் சாவி எல்லார் கைக்கும் எட்டும் ஆணியில் தொங்கியது. வீட்டில் இருப்பதோ மூன்றே பேர். முதலாளி, அவர் மகன் துஷாந்த், மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த யசோதினி. மரம் வெட்டும் கத்தரிக்கோல் யசோதினியின் பையில் கிடைத்ததாம்.

"தோட்டக் கூலிக்காரங்க லயத்து வீட்டுப் புத்தி வேற எப்புடி இருக்கும்? எங்க பரம்பரையே டவுன் யாவாரம். தேயிலக் காட்டுல நாங்க கால் வச்சது கெடையாது" என்றார் முதலாளி, அவள் காதில் விழட்டும் என்றே.

யசோதினி அழவில்லை. முறைத்துக்கொண்டு நின்றாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போவதாகத் துஷாந்த் போன வாரம்தான் வீட்டில் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அப்பனும் மகனும் முகம் பார்ப்பதில்லை. வெளியாள் ஒருவர் வந்து உறுதியாகச் சொன்னால் ஒழிய நம்ப மாட்டேன் என்று அவன் அடம்பிடித்ததால்தான் இருதயம்மாவுக்குப் போன் போனது. அவர் ஆமாம் என்றால் பொலிஸில் முறைப்பாடு. யசோதினியின் பெயரும் கல்யாணமும் அதோடு போய்விடும்.

விளக்குகளுக்கு ஆகும் கரண்ட் பில்லைச் சொல்லித் துஷாந்தும் மரங்களைத் திட்டுவான் என்று தெரிந்ததும் ஸமீம் கட்சி மாறினான். மகன்தான் செய்திருப்பான் என்று காதில் ஓதினான். இருதயம்மா அந்தக் கத்தரிக்கோலாலேயே ஒரு கொப்பை நறுக்கினார். வெட்டிய முனை நசுங்கியது. மரத்தில் இருந்த வெட்டுகளோ ஒரே வீச்சில் சாய்வாக, வழவழவென்று இருந்தன.

"சட்டியத் தூக்கி முத்தத்துல வைங்க. மேல கெடக்குற கொப்பயெல்லாம் எடுத்துடுங்க" என்றார்.

ஸமீம் அப்படியே செய்தான். நடுப்பகல் வெயில் மொட்டைக் கட்டையில் சுள்ளென்று விழுந்தது. இருதயம்மா பசறை வீதியின் குண்டுகுழிகளைப் பற்றிச் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார். யசோதினி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துஷாந்த் போனை நோண்டினான். முதலாளிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், கடைசியில் ஓடிப்போய்க் குந்தி, கொப்புகளைப் பொறுக்கி, இலை மேலாகக் கட்டைமேல் அடுக்கத் தொடங்கினார். பழகிய கை அது.

"போதும் முதலாளி" என்றார் இருதயம்மா. "தேயிலய கவ்வாத்து வெட்டுனா வெயில் சுட்டுடும்னு வெட்டுன கொப்பயே மேல போட்டு மூடுவாங்க. நானும் லயத்துலதான் பொறந்தேன், எனக்குத் தெரியும். ஆனா வெயிலே வராத ரூம்ல எதுக்கு மூடணும்? யோசிச்சுச் செய்யல, கை தானா செஞ்சிருக்கு. வெட்டுனது கவ்வாத்துக் கத்தி. எங்க தோட்டங்கள்ல அது ஆம்பளைங்க புடிக்கிற கத்தி. யசோதினி கொழுந்து பறிச்ச புள்ள. ஒங்க மகன் டவுன்ல வளந்தவரு, மரம் வெயில்ல நின்னப்ப திரும்பிக்கூடப் பாக்கல. கத்தரிக்கோல அந்தப் புள்ள பையில போட்டதும் நீங்கதான்."

"எம் மரத்த நானே வெட்டுவேனா?"

"திரும்பத் தழைக்கும்னு தெரிஞ்சு வெட்டுனீங்க. அந்தப் புள்ள பேரு தழைக்குமா?"

துஷாந்த் போனைப் பையில் போட்டான்.

"எந்தத் தோட்டம்ப்பா?" என்று கேட்டான்.

முதலாளி தரையைப் பார்த்தார். "நமுனுகுல" என்றார். இத்தனை வருடம் மகனிடம் கூட மறைத்த ஊர். அந்த ஊர்ப் பெண்ணைத்தான் இத்தனை நாளும் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார், வெட்கங்கெட்ட மனிதர்.

முறைப்பாடு கிடையாது என்று அவர் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு யசோதினியிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, முதல் தடவையாக அவளை அம்மா என்று கூப்பிட்டார். "வெளிய சொல்லிறாதம்மா."

"எத? மரத்த வெட்டுனதயா, லயத்துல பொறந்ததயா?"

"லயத்த" என்றார் அவர், ஒரு கணம் கூட யோசிக்காமல்.

யசோதினி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அத நான் ஏன் சொல்லப்போறேன்? அது ஒன்னும் குத்தமில்லயே. மரத்த வெட்டி எம் பையில கத்தரிக்கோலப் போட்டதத்தான் ஊரெல்லாம் சொல்லுவேன்."

அவள் படியிறங்கினாள். துஷாந்த் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனான்.