சோளத்தட்டையில் ஒரு கண்ணாடித்தாள்

குடையை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மழையில் கல்லூரிக்குள் ஓடி வந்தவள், எதன் மீது மோதினோம் என்று புரிவதற்குள்... படியெங்கும் கண்ணாடிச் சில்லுகள்.

"கண்ணு எங்கங்க இருக்கு? குடைக்குள்ளயா?"

நிமிர்ந்தாள். தொப்பலாக நனைந்த ஓர் ஆள். கோபமாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கண்களில் கோபம் ஒரு நொடிக்கு மேல் தங்கவில்லை...

"வழியை அடைச்சுக்கிட்டு நின்னது நீங்க!"

"நாலடிக் கண்ணாடியை மடிச்சுச் சட்டைப் பையிலயா வச்சுக்க முடியும்?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "யாருக்குக் கொண்டு வந்தீங்க?"

நனைந்த சீட்டைப் பிரித்துப் படித்தான். "மூணாவது மாடி ஆய்வுக்கூடம்... சோளத்தட்டை மேடம்."

அது அவளேதான்!

கல்லூரியில் அவளுக்கு அதுதான் பெயர். அறுவடை முடிந்து வயலிலேயே எரித்துவிடுகிற சோளத்தட்டையை மூட்டை மூட்டையாக வாங்கி வருவாள். நறுக்கி, காரச்சோடா சேர்த்து வேகவைத்து, வெளுத்து, அந்த நாரைக் கரைத்துக் கஞ்சி போலாக்கிக் கண்ணாடியில் ஊற்றிக் காயவைப்பாள். உரித்தால் மெல்லிய கண்ணாடித்தாள். பழம் சுற்றலாம், ரொட்டி சுற்றலாம். மண்ணில் போட்டால் இரண்டு மாதத்தில் மக்கிவிடும். பிளாஸ்டிக் உறையை ஒழிக்கப் போகிறேன் என்று கிளம்பியவளுக்கு மூன்று வருடமாக ஒரே தலைவலி... தாள் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, உரிக்கும்போதே கிழிந்தது.

மறுநாள் வேறு கண்ணாடியோடு வந்தவன், கிழிந்து கிடந்த தாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"எல்லாம் ஒரே பக்கமாவே கிழிஞ்சிருக்கே..."

பையிலிருந்து மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து மேசை மேல் வைத்தான். உள்ளேயிருந்த குமிழி ஓரமாக ஓடி நின்றது.

"உங்க கஞ்சில ஒரு குறையும் இல்லீங்க. மேசைதான் சாயுது."

எத்தனை படித்த கண்கள் பார்த்த மேசை அது! வெட்கமாக இருந்தது. அதைவிட, அவன் தரையில் படுத்து மேசைக் கால்களுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்த விதம் பிடித்திருந்தது.

அந்த வாரமே ஒரு தாள் கிழியாமல் முழுசாக உரிந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாளுக்கு அந்தப் பக்கம் மங்கலாக அவன் முகம்... சிரித்தான். அவளுக்குள் என்னவோ நழுவியது.

அதன்பிறகு கண்ணாடி கேட்காமலே வந்தான். "இந்தப் பக்கமா வந்தேன்" என்பான். அவன் கண்ணாடிக் கடையோ ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. அவள் கேட்கவில்லை. கேட்டால் வராமல் போய்விடுவானோ என்ற பயம்...

நிபுணர்கள் அவள் ஆய்வைப் பார்வையிட வந்த நாளில், அவனிடமும் சொல்லியிருந்தபடி அப்பாவும் வந்திருந்தார். ஒரு கல்லூரியின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் டாக்டர் பட்டம் வாங்கப்போகிற பெருமை முகமெல்லாம். அப்போதுதான் அவன் கதவருகே வந்தான்.

"என்ன டாக்டரம்மா, தாள் கிழியாம இருக்கா?"

அப்பாவின் புருவம் உயர்ந்தது. "யாரும்மா இது? ரொம்ப உரிமையாப் பேசுறார்?"

"யாருமில்லப்பா. கண்ணாடி கொண்டு வர்ற ஆளு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். தாள் இத்தனை சீராக எப்படி வந்தது என்று ஒரு நிபுணர் கேட்டபோது, "மேசை சாய்ஞ்சிருந்ததைக் கண்டுபிடிச்சு சரி பண்ணினேன் சார்" என்றாள்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அதன்பிறகு கண்ணாடி ஆட்டோவில் வந்தது. அவன் வரவில்லை. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம்... அடுத்த வாரம் கேட்கலாம்... நாமே வலியப் போவதா? இப்படியே பதினான்கு மாதங்கள். கடைசியில் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில், பேராசிரியர்களும் அப்பாவும் முடிந்த இடத்தில் அவள் பேனா நின்றது. எழுதவேண்டியதை எழுதிவிட்டு, அப்படியே அவன் கடைக்குக் கிளம்பிப் போனாள்.

அவன் ஓர் அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தான். "வாங்க" என்றான்... எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்கிற அதே வாங்க.

"மேசையைச் சரி பண்ணினது நீங்கதான்னு ஆய்வேட்டுல எழுதிட்டேன். ஆனா அது மட்டும் போதாதுன்னு தோணுச்சு." அவனை நேராகப் பார்த்தாள். "உங்களை எனக்குப் பிடிக்கும். அப்பவே பிடிக்கும். அப்பா முன்னாடி அதைக் காட்டிக்க வெட்கப்பட்டேன். உங்க வேலையை நினைச்சு... இப்ப என்னை நினைச்சாதான் வெட்கமா இருக்கு."

அவன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"ஆறு மாசம் காத்திருந்தேங்க. வாசல்ல யார் நிழல் விழுந்தாலும் எட்டிப் பார்ப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா ஒரு பொண்ணைப் பத்திச் சொன்னாங்க. அடுத்த மாசம் கல்யாணம். சொந்தக்காரங்க பத்துப் பேர் முன்னாடி, இவரைத்தான் எனக்குப் பிடிச்சிருக்குன்னு நிமிர்ந்து சொன்னா. அவளை என்னால விட முடியாது."

பத்துப் பேர் முன்னாடி... இவளால் அப்பா ஒருவர் முன்னாடிகூட முடியவில்லை.

"விடச் சொல்லி வரலைங்க. நல்லா இருங்க."

தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பாள். பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பினாள். கடைப் படியில் நின்றிருந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். நீங்க சொல்லிட்டீங்க, நானும் சொல்லிடறேன்..." படியிறங்கி வந்தான். "அன்னிக்கு உங்களைப் பார்க்க வரலைங்க. உங்கப்பா வர்றார்னு சொன்னீங்களே... அவர்கிட்டயே உங்களைப் பொண்ணு கேட்டுடலாம்னுதான் வந்தேன்."