பங்கேற்பாளர் ஏழு

"இறங்குதூ… ஓ…"

மேலேயிருந்து அந்தக் குரல் விழுந்தபோது அவளுடைய ரெக்கார்டரில் முப்பத்தேழாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

போச்சு.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். விடுமுறை நாள். படிக்கட்டில் ஈ காக்கை இல்லை. உச்சியிலிருந்த கண்ணாடிக் கூரையில் மழை கொட்ட, அந்தச் சத்தம் படிப்படியாக இறங்கி வருவதை அறுபடாமல் நாற்பது நிமிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்காக இரண்டு மாதம் காத்திருந்தாள். இன்னும் மூன்றே நிமிடம்… அதற்குள் எவனோ ஒருவன்!

ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு தடதடவென்று படியேறினாள். கோபத்தில் பாதி ஆறாவது மாடியிலேயே மூச்சிரைப்பாகக் கரைந்துவிட்டது.

ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. இடுப்பில் பெல்ட்டும் கன்னத்தில் கிரீஸுமாக ஒருவன் உள்ளே இருண்ட குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். இருட்டையே பார்த்துப் பழகிய கண்கள்… வெளிச்சத்தில் சற்றுச் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்தன.

மீதிக் கோபம் எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன சார், இங்க கச்சேரியா?"

"கச்சேரி இல்லீங்க. லிஃப்டை நகர்த்துறதுக்கு முன்னாடி குரல் கொடுக்கணும். அடியில அண்ணன் வேலை பாக்குறாரு."

"மெதுவா கொடுக்கக் கூடாதா?"

"கொடுக்கலாம். அப்புறம் அண்ணி வந்து கேட்டா நீங்க பதில் சொல்லிக்கிறீங்களா?"

அடியிலிருந்து ஒரு குரல் கிளம்பி வந்தது. "யாருடா அது? நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்னு சொல்லு."

சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவள் ரெக்கார்டரைக் குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தாள்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்றான்.

"ஆராய்ச்சி. முனைவர் பட்டத்துக்கு."

"மழையிலயா?"

"சத்தத்துல. புத்தகம் மட்டும் எழுதினா போதாது. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு ஒலிப் படைப்பு செய்யணும். அதைச் செஞ்சு பாத்ததுல புதுசா என்ன தெரிஞ்சுதுன்னு எழுதணும்."

"என்ன தெரிஞ்சுது?"

கேலி இல்லாமல்தான் கேட்டான். அவளிடம்தான் பதில் இல்லை. நாலு வருஷமாக இல்லை.

அன்று மாலை, அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்போமே என்று வீட்டில் உட்கார்ந்து போட்டுக் கேட்டாள். மழை… மழை… மழை… பிறகு அந்தக் குரல். அது ஒவ்வொரு மாடியாகத் தொட்டுக்கொண்டு இறங்கியது. சுவரில் பட்டது, கைப்பிடிக் கம்பியில் வழிந்தது, அடிவரை போய் மறுபடி ஏறி வந்தது. அடங்கப் பதினோரு விநாடி. அத்தனை நேரம் வெறும் இரைச்சலாக இருந்த மழைக்குத் திடீரென்று உயரமும் ஆழமும் வந்துவிட்டன.

"என்ன காது, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்று வந்தான் அவளுடைய அண்ணன். படிப்பு தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

ஹெட்போனைக் கழற்றி அவன் தலையில் மாட்டினாள். கிண்டலுக்கு வாயைத் திறந்தவன், பதினோரு விநாடியும் திறந்தபடியே நின்றான்.

மறுவாரம் ஒப்புதல் படிவத்தோடு லிஃப்ட்காரன் முன் போய் நின்றாள். ஆய்வில் பங்கெடுப்பவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். விருப்பமில்லை என்றால் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். நாலு பக்கத்தையும் வரி விடாமல் படித்துவிட்டு அவன் கையெழுத்துப் போட்டான்.

"இவ்வளவு நல்ல ஒப்பந்தம் கல்யாணத்துல கூடக் கிடையாதுங்க."

அவளுக்கு முகம் சூடானது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பதிவு நடந்தது; படைப்பின் நடுவில் ஆறு நிமிடம் அவன் குரலுக்கென்று ஒதுக்கினாள். மூன்றாவது வாரம், லிஃப்டை நிறுத்திவிட்டு அவளைக் கதவருகே கூட்டிப்போனான். லிஃப்ட் ஏறி இறங்க, குழியின் சுவரோடு ஓடும் இரும்புத் தண்டவாளத்தைக் காட்டினான்.

"காதை இதுல வைங்க."

வைத்தாள். எங்கோ ஒரு கதவைச் சாத்துவது, கூரையில் காற்று உரசுவது, மழைத் துளிகள் தனித்தனியாக… கட்டடம் முழுக்க அந்த ஒற்றை இரும்பின் வழியாக அவளுக்குள் இறங்கியது.

"பத்து வருஷமா கேக்குறேன். யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றான் மெதுவாக.

நிமிர்ந்தாள். அவன் கண்கள் வெகு அருகில் இருந்தன…

எல்லாம் நன்றாகத்தான் போனது. பல்கலைக்கழகத் துறையில் படைப்புக்கு முன்னோட்டம் வைத்த நாள்வரை.

அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். படைப்பைப் பற்றி வாசலில் கொடுத்த விளக்கத் தாளைப் படித்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, படைப்பு தொடங்குமுன்னே எழுந்து போனான். மறுநாள் விலகல் படிவம் வந்தது. 'விலகுகிறேன்' என்ற ஒரே சொல்.

அவள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். முதல் வாரம் அவசரத்தில் எழுதி, பிறகு திருத்தாமலே விட்ட வரி. 'பங்கேற்பாளர் ஏழு: இசைப் பயிற்சி அற்றவர். குரல் கச்சாப் பொருள் மட்டுமே.'

போன் செய்தாள்.

"எண் போட்டது விதி. புரியுது. கச்சாப் பொருள்னு எழுதணும்னும் விதி இருக்கா?"

மன்னிப்பு நுனி நாக்குவரை வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அது ஆய்வு மொழிங்க. உங்களுக்கு…"

"தெரியாது. சரிங்க." வைத்துவிட்டான்.

வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்.

"சமர்ப்பிச்ச பிறகு விலகினா செல்லாதும்மா. விதி நம்ம பக்கம்," என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை. "அந்த ஆறு நிமிஷத்தை எடுத்துட்டா உன்கிட்ட இருக்கறது வெறும் மழை. ஃபெயில் பண்ணிடுவாங்க. நாலு வருஷம், யோசிச்சுக்கோ."

யோசித்தாள். அன்றே அந்த ஆறு நிமிடத்தையும் அழித்தாள். அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை.

தேர்வு அதே படிக்கட்டில் நடந்தது. மாடிக்கொரு ஸ்பீக்கர், தேர்வாளர்கள் இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் ஓடக் கூடாதென்று பராமரிப்பு ஆளைக் கேட்டிருந்தாள். வந்தது அவன்தான். நாலு படி மேலே, முகத்தில் எதுவும் காட்டாமல் நின்றான்.

மழை நிறைந்து, நிறைந்து… சட்டென்று அறுந்தது. ஆறு நிமிடம் ஒன்றுமே இல்லை. முதல் நிமிடம் தேர்வாளர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது நிமிடம் ஒருவரையொருவர். அதற்கப்புறம் இருவரும் தலையை அண்ணாந்து, கோயிலுக்குள் நுழைந்தவர்கள் மாதிரி அந்த ஒன்பது மாடி வெறுமையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நடுவுல என்ன இது?" என்று கேட்டார் மூத்த தேர்வாளர் அம்மாள், எல்லாம் முடிந்ததும்.

"ஒரு குரல் இருந்தது மேடம். சொந்தக்காரர் திரும்ப வாங்கிட்டார்." அவள் நாலு படி மேலே பார்த்தாள். "அதைக் கச்சாப் பொருள்னு எழுதினேன். இந்தக் கட்டடத்தை எனக்கு முன்னாடியே முழுசாக் கேட்டவர் அவர். அவர் கேட்டதை அவர் பின்னால நின்னு கேட்டவதான் நான். நாலு வருஷத்துல புதுசாத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

"இது உங்க புத்தகத்துல இல்லையே?"

"புத்தகம் முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது."

வழிகாட்டி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். தேர்வாளர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் தேர்ச்சி… ஒரு நிபந்தனையோடு. மூன்று மாதத்தில் அந்த மௌனத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுத வேண்டும்.

எல்லோரும் இறங்கிப் போனபின் அவனும் நாலு படி இறங்கி வந்தான்.

"அத்தியாயத்துல என்னை என்னன்னு எழுதுவீங்க?"

"முதல்ல மன்னிப்பு கேக்கணும். அன்னிக்கே கேட்டிருக்கணும். திமிரு, வரலை."

"சரி. அப்புறம்?"

"அப்புறம்… படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் என்ன உறவுன்னு. 'எதுவும் இல்லை'ன்னு எழுதியிருக்கேன். அது பொய்." தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் கிரீஸ் படாத இடமெல்லாம் சிவந்திருந்தது.

"அந்தக் கட்டம் எவ்வளவு பெருசு?" என்றான் கடைசியில்.

"ஒரே ஒரு வரி."

"எனக்கும் எழுத வேண்டியிருக்குங்க. ஒரு வரி பத்தாது… தனித்தாள் வைக்கலாமான்னு கேளுங்க."