நெஞ்சில் உட்கார்ந்த மேடு

வடிவு கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது மடகாஸ்கர் அவள் முழங்காலை விட்டு இறங்கியது. நாலு நாளாக அங்கே ஒரு படி அரிசியைக் கட்டிவிட்டது போலக் கனத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் தாக்குப்பிடித்திருந்தால் போதும். "போ சனியனே, உனக்கும் என்னைப் பிடிக்கலை" என்று காலை உதறிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள். தோள்பட்டையில் அரபிக்கடல் லேசாகக் கூசியது. அது தினமும் உள்ளதுதான்.

ஏற்காட்டு மலைமேல் இருந்த காற்றழுத்தக் காவல் மையத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் மேல்தோலுக்கு அடியில் 'அழுத்தத்தோல்' பதித்திருந்தார்கள். விண்குப்பை மோதி மோதிச் செயற்கைக்கோள்கள் எல்லாம் குருடாகிப்போன காலம் அது. கடலில் மிதந்த கருவிகள் அனுப்பிய அளவுகள், அந்தந்தப் பிரதேசத்துக்குப் பொறுப்பானவரின் உடம்பில் கனமாக வந்து இறங்கும். புயலுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. அது ஆடிப்பாடிக்கொண்டு வரும், கணினியே பிடித்துவிடும். உயர் அழுத்தம்தான் கள்ளத்தனமானது. வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு சத்தம் இருக்காது, உட்கார்ந்த இடத்தில் மேகத்தை விரட்டிக் காற்றை நிறுத்தி ஊரை வேகவைத்துவிடும். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிற கணினி, மெல்ல மெல்ல வளர்ந்த ஒன்றைப் பார்த்து 'மாற்றம் எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். அசையாமல் கிடப்பதை அறிய, சுமக்கிற உடம்பு ஒன்று வேண்டியிருந்தது.

ஐந்து நாள் ஒரே இடத்தில் கனத்தால் அது 'அமர்மேடு'. உடனே அந்தப் பிரதேசத்துக்குப் பலூன்களில் 'நிழற்பாய்' ஏற்றி வானத்துக்குக் குறுக்கே விரிப்பார்கள். கண்டுபிடித்தவரின் பெயரையே அந்த அமர்மேட்டுக்கு வைப்பார்கள்.

வடிவின் வயிற்றெரிச்சல் இங்கேதான் ஆரம்பித்தது.

அவளும் ஜெசிந்தாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்று இயக்குநர் இபுராகிம் பெயர்களின் ஆங்கில அகரவரிசைப்படி பிரதேசங்களைப் பிரித்துக் கொடுத்தார். ஜெசிந்தாவுக்கு ஐரோப்பாவும் காஸ்பியன் கடலும் போயின. அமர்மேடுகள் பாய் விரித்துப் படுக்கிற பிரதேசம் அது. கடைசியில் வந்த வடிவுக்கு இந்தியப் பெருங்கடல். அங்கே புயல்தான் வரும், மேடு அவ்வளவு சுலபத்தில் உட்காராது. ஆகவே ஜெசிந்தா ஒன்று, ஜெசிந்தா இரண்டு என்று ஆரம்பித்து இப்போது ஆறு வரைக்கும் வந்தாயிற்று. பாரிஸ் நகரத்துக்காரர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு 'நாசமாய்ப் போகிற ஜெசிந்தா' என்று திட்டுவதைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்தில் ஒரு ஈ காக்கைகூட அவளைத் திட்டியதில்லை.

கொஞ்ச நாளாக இந்த எரிச்சல் கனமாகவே மாறிவிட்டது. இடது மார்புக்குக் கீழே யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மையத்தில் அதற்குப் பெயர் 'மனக்கனம்'. கவலை, கோபம், பொறாமை உள்ளவர்களின் உடம்பு பொய்க்கணக்கு காட்டும் என்பதால் அவர்கள் தோலைக் கழற்றி ஓய்வில் அனுப்பிவிடுவார்கள். எந்தக் காரணத்துக்காக என்பதையும் அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். 'செண்பகவடிவு, பொறாமை' என்று பலகையில் வருவதைவிட மலையிலிருந்து குதித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

அதனால் தினமும் காலையில் 'கனம் சொல்லும்' நேரத்தில், எல்லோரும் வட்டமாக நின்று தங்கள் உடம்பை ஒப்பிக்கும்போது, அவளும் ஒப்பித்தாள். "முழங்கால் விட்டுப்போச்சு சார். தோள்ல லேசான கூச்சம். மத்தபடி ஒண்ணுமில்லை."

ஒரு மதியம் தம்பி சுடலைமுத்து தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்திலிருந்து கூப்பிட்டான்.

"யக்கா, இங்க காத்துன்னு ஒரு சாமானே இல்லக்கா. கடலு எண்ணெய் மாதிரி கெடக்கு. உப்பு நல்லா வெளையுது, ஆளுகதான் விழுந்துகிட்டு இருக்காவ. உங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையா?"

"கணினியில ஒண்ணும் காட்டலைடா. கோடைன்னா அப்படித்தான் இருக்கும். மோர் குடி" என்றாள் வடிவு. அவள் கவனம் எதிர்மேசையில் இருந்தது. அங்கே ஜெசிந்தா கண்ணை மூடி, வயிற்றில் கைவைத்து, ஏதோ கர்ப்பிணி போலப் பூரித்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அது பிறந்தது. ருமேனியாவின்மேல் ஜெசிந்தா ஏழு! மையத்தில் லட்டு கொடுத்தார்கள். ஜெசிந்தா தானே தட்டை எடுத்துக்கொண்டு வடிவிடம் வந்தாள்.

"ரெண்டா எடுத்துக்கோ வடிவு. உனக்கும் ஒருநாள் அமையும்."

அந்த 'அமையும்' தான் தாங்கவில்லை. லட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு வடிவு நேரே இயக்குநர் அறைக்குள் போனாள்.

"சார், என் தோலைக் கழட்டிடுங்க."

இபுராகிம் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா ஆச்சு?"

"பொறாமை சார். ஜெசி மேல. பலகையில போட்டுக்கோங்க, பரவாயில்லை. நெஞ்சு கனத்துக் கனத்து மூச்சு முட்டுது. இதுக்குமேல மறைக்க முடியாது." சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது.

அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு படிவத்தை எடுக்கப் போனவர் நின்றார். "எந்த இடத்துல? கையை வச்சுக் காட்டு."

காட்டினாள்.

"ஜெசி தங்கச்சி கல்யாணத்துக்கு லீவுல போனாளே, அப்போ குறைஞ்சுதா?"

"இல்லை சார். அப்பவும் இதே கனம்தான்."

"இவ்வளவு நாள் ஒரு துளி ஏறலை, ஒரு துளி இறங்கலை?"

"ஆமா சார்."

"பொறாமைகூட ஆளைக் காணாதப்போ கொஞ்சம் இறங்கும்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் அவளுடைய உடல்வரைபடத்தைத் திரையில் விரித்தார். அவள் கைவைத்திருந்த இடம் மன்னார் வளைகுடா; மேடே உட்காராத பக்கம் என்று அவள் அதை யோசித்தே பார்த்திருக்கவில்லை. மிதவைக் கருவிகளின் அளவுகளைக் கணினியைக் கேட்காமல் நேரடியாக இழுத்துப் பார்த்தார். தென்கடற்கரை முழுவதையும் மூடிக்கொண்டு ஒரு அமர்மேடு, மையத்தின் சரித்திரத்திலேயே பெரியது, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"பொறாமைன்னு நெனச்சு இதையா மறைச்ச?" என்றார் இபுராகிம்.

சாயங்காலத்துக்குள் நிழற்பாய்கள் ஏறின. சுடலைமுத்து ஆஸ்பத்திரியில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். அவனோடு உப்புப் பாத்தியில் நின்ற இரண்டு பேர் பிழைக்கவில்லை. அவர்கள் பெயரைத் தம்பி சொன்னபோது வடிவு தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். முதல் வாரமே வாயைத் திறந்திருந்தால் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

ஆனால் மனசு ஒரு விசித்திரமான ஜந்து. அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு, "ஊர்ல என்னடா பேசிக்கிறாவ?" என்று கேட்டாள்.

"என்னத்தப் பேச? ஊரே உன்னையத்தான் ஏசுது. 'பாழாப்போன வடிவு, எப்பம் தொலைவா'ன்னு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில ஒரே பேச்சு. எனக்கு வார்டை விட்டு வெளிய தலைகாட்ட முடியலக்கா."

"டீவியிலயும் சொல்றாங்களா?"

"அதுலயுந்தான். எல்லாச் சேனல்லயும் வடிவு ஒண்ணு, வடிவு ஒண்ணு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து வடிவு ஒன்று கலைந்தது. கடற்கரையில் மழை கொட்டியது. வடிவின் நெஞ்சிலிருந்து கனம் இறங்கியபோது, இவ்வளவு காலமும் தான் ஜெசிந்தாமேல் பொறாமையே படவில்லை, எல்லாம் வெறும் வானிலைதான் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அதை மையத்தில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை எல்லோரும் வட்டமாக நின்று கனம் சொன்னார்கள். வடிவு, "உடம்பு பூரா லேசா இருக்கு சார்" என்றாள். ஜெசிந்தாவின் முறை வந்தது. அவள் முந்தின நாள் பூராவும் டீவியில் வடிவு ஒன்று பற்றிய செய்தியையே பார்த்தவள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"நெஞ்சுல சார்," என்றாள், இடது மார்பைத் தடவிக்கொண்டே. "பாறாங்கல்லை வச்ச மாதிரி. காஸ்பியன்ல ஏதோ பெருசா உட்கார்ந்திருக்கு. வடிவு கண்டுபிடிச்சதைவிடப் பெருசு. நிழற்பாய் அனுப்பிடலாம்."

இபுராகிம் மிதவைக் கருவிகளின் அளவுகளைத் திரையில் போட்டார். காஸ்பியனில் சூறைக்காற்றும் அடைமழையும். கப்பல்கள் எல்லாம் துறைமுகத்தில் ஒதுங்கியிருந்தன. எல்லோரும் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தா மட்டும் திரையையும் தன் மார்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வடிவு அவள் பக்கத்தில் போய்த் தோளில் கைவைத்தாள்.

"அவசரப்படாதே ஜெசி," என்றாள் மிகுந்த பிரியத்தோடு. "அஞ்சு நாள் பார்க்கலாம். எனக்கென்னவோ அது நகராதுன்னுதான் தோணுது."

பிறகு மேசையில் மிச்சமிருந்த தன் லட்டுகள் இரண்டையும் எடுத்துத் தின்றாள். பழசாகிக் கல்லாக இறுகிப்போயிருந்தன. ஆனாலும் அப்படி ஒரு ருசி.