மிதவைக் கயிறு

பஞ்சர் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு இரும்புப் படி ஏறித்தான் வர வேண்டும். ஏறி வந்த பெண் உட்காரவில்லை. கையில் மூடிய தூக்குச்சட்டி இருந்தது.

"ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டு போயிட்டு வரேன் சார். அவர் தொடவே இல்ல. என் வீட்டுக்காரரை ஜெயிலுக்கு அனுப்பப் போறாங்க."

"உட்காரும்மா. நின்னுகிட்டுச் சொன்னா பாதி விட்டுப்போகும்."

சொன்னவரை ஊரில் ஆமை என்பார்கள். நடை மெது, பேச்சு அதைவிட மெது. துறைமுகத்தில் நசுங்கிய கையையும் அறுந்த சங்கிலியையும் பார்த்து, யார்மேல் தப்பு என்று எழுதும் வேலையில் முடி நரைத்தவர். இப்போது வக்கீல்களுக்காக அதே வேலை. கூடவே இருக்கும் போட்டோக்காரருக்குப் பட்டாசு என்று பெயர். பேச்சு முடியும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடும் ஆள். பெரும்பாலும் தப்பான ஆளை.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். துறைமுகத்துக்கு எதிரே ஒரு சின்னத் தீவு. லீவு நாளில் ஊர் ஜனம் மொத்தமும் அங்கேதான் போய் விழும். வேறு எங்கே போகவும் அவர்களுக்கு வசதியில்லை. கடற்கரையின் கிழக்கு முனையில் தரை திடீரென்று பள்ளமாகிவிடும். அந்த இடத்தைச் சுற்றி மிதவைகள் கோத்த தடிக்கயிறு ஒன்று வேலி போல நிற்கும். அதைக் காலையில் கட்டி மாலையில் அவிழ்த்துச் சுருட்டி வைப்பது அவள் கணவனின் வேலை. குளிப்பவர்களைக் காவல் காப்பவன், எல்லோருக்கும் விசில்காரன்.

முந்தாநாள் லீவு. துணிக் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் கூட்டமாகப் போயிருந்தார்கள். ஒருத்தி கிழக்கு முனையில் இறங்கினாள். பிணமாகத்தான் கரைக்கு வந்தாள். கயிறு, காவல் கோபுரத்தின் அடியில் சுருட்டியபடி கிடந்தது.

"குடிச்சிட்டுக் காலையில கயித்தைக் கட்டாம விட்டுட்டாராம்," என்றாள் அவள்.

"குடிப்பாரா?"

"குடிப்பாரு. எதுக்குப் பொய் சொல்லணும்? ஆனா கயித்தைக் கட்டாம ஒருத்தரையும் தண்ணியில விட மாட்டாரு."

"கட்டலைன்னு யார் சொல்றாங்க?"

அவள் தூக்கின் பிடியைத் திருகினாள். "தீவைக் குத்தகைக்கு எடுத்தவர் சொல்றாரு. அப்புறம்... என் தம்பி. அவன் என்ன செய்வான், பார்த்ததைத்தானே சொல்ல முடியும்? காலையில அவன் வந்தப்பவே கயிறு கோபுரத்தடியில கெடந்துச்சாம்."

தம்பி தீவில் இழுவைப் படகு ஓட்டுகிறான். காற்றடைத்த ரப்பர் மிதப்பில் ஆட்களை ஏற்றி, அலைமேல் அலற அலற இழுத்துப் போகும் வேலை. அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் இவள்தான். குத்தகைக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் இவள்தான்.

ஸ்டேஷனில் விசில்காரன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"கட்டினேன். கட்டி முடிச்சதும் மழை ஒரு அடி அடிச்சுது. அது விட்டப்புறம்தான் முதல் படகே வந்துச்சு."

"மத்தியானம்?"

"ஒரு அம்மாவுக்குச் சிப்பி கால்ல வெட்டிடுச்சு. மருந்து ரூம்ல கட்டுப் போட்டுகிட்டிருந்தேன். கத்துற சத்தம் கேட்டு ஓடி, அந்தப் பொண்ணை நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"அப்போ கயிறு?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "அதை விடுங்க சார். கெளறாதீங்க. நான் உள்ள போறேன், அதோட முடியட்டும்."

வெளியே வந்ததும் பட்டாசு கையைத் தட்டினார். "ஒத்துக்கிட்டான்ணே! கேஸ் முடிஞ்சுது!"

"தப்பை ஒத்துக்கிறவன் கட்டலைன்னு சொல்லணும். இவன் கட்டினேன்னும் சொல்றான், கெளறாதேன்னும் சொல்றான். வா, படகுக்கு நேரமாச்சு."

தீவில் ஆள் இல்லை. யாரோ விட்டுப்போன செருப்புகளையும் ஒரு சாப்பாட்டு டப்பாவையும் படகுத்துறையில் வரிசையாக வைத்திருந்தார்கள். கோபுரத்தைச் சுற்றி, ஜனம் மிதிக்காதபடி எப்போதும் நிற்கும் மூங்கில் தடுப்பு. உள்ளே தார்ப்பாய் போர்த்திய கயிறு. பக்கத்தில் ஏட்டு. குத்தகைக்காரர் குடை பிடித்துக்கொண்டு, தீவை எப்போது திறக்கவிடுவீர்கள் என்று ஏட்டைக் குடைந்துகொண்டிருந்தார்.

"இந்த ஆள்தாண்ணே," என்று பட்டாசு காதைக் கடித்தார். "விசில்காரன் தலையில போட்டாத்தான் இவரோட குத்தகை பிழைக்கும்."

"அவருக்கு ஆசை இருக்கும். ஆசைக்குப் போட்டோ எடுக்க முடியுமா? முதல்ல கயித்தைப் பாரு."

தார்ப்பாயை விலக்கினார்கள். வட்டமாகச் சுருட்டிய கயிறு இல்லை அது. இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு, நீண்டு ஒடுங்கிக் கிடந்தது. உப்பு ஏறிக் காய்ந்து கட்டையாக விறைத்திருந்தது. ஏட்டும் பட்டாசும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியபோதும் வடிவம் கலையவில்லை. ஆமை முட்டி போட்டு அடியில் இருந்த மணலைப் பார்த்தார். அம்மைத் தழும்பு போல மணல் முழுக்கப் புள்ளிக் குழிகள்.

"இதை எடு. நல்லா கிட்டப் போய் எடு."

பிறகு அவர் கடற்கரை நெடுக நடந்தார். விசில்காரன் வழக்கமாகக் கயிறு சுருட்டும் முளையைப் பார்த்தார். சுற்றிலும் வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஆட்களை ஏற்றிவரும் பெரிய படகைப் பார்த்தார். அகலமான தட்டைத் தளம். கடைசியாக இழுவைப் படகின் முன்னால் நின்று, கோபித்துக்கொண்ட சொந்தக்காரரின் முகத்தைப் பார்ப்பது போல, குனிந்து அதன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

மாலையில் எல்லோரையும் கோபுரத்தடிக்கு வரச் சொன்னார். அக்கா தூக்குச்சட்டியோடு வந்தாள்; திரும்பும் வழியில் மறுபடி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். தம்பி அவள் பக்கத்தில் நின்றான். மெலிந்த உடம்பு, வெயிலில் கருத்த முகம்.

"தம்பி, நீ வந்தப்போ கயிறு இங்கேயே இருந்துச்சா?"

"ஆமா சார். முந்தின நாள் சாயங்காலம் மாமா போட்டது. அப்படியே கெடந்துச்சு."

"அன்னிக்குக் காலையில மழை பெஞ்சுது. அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் ஒரு சொட்டு இல்ல. சரியா, ஏட்டய்யா?"

"சரிதான்."

"ராத்திரி முழுக்கக் கயிறு இங்க கெடந்திருந்தா, அடியில மணல் வழவழன்னு இருக்கணும். மழைக் குழி கயித்துக்கு அடியிலயும் இருக்கு. அப்போ மழை பெய்யும்போது கயிறு இங்க இல்ல. கடல்லதான் இருந்துச்சு. விசில்காரன் கட்டியிருக்கான்."

அக்காவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா மூச்சா என்று தெரியவில்லை.

"அப்புறமா அவனே அவுத்துப் போட்டிருந்தா?" என்றார் குத்தகைக்காரர்.

"அவன் முளையில சுத்துவான். வட்டமா வரும். இது ஒடுங்கின இடத்துல ஈரத்தோட அடைச்சுக் காஞ்ச கயிறு. உங்க பெரிய படகுல ஒடுங்கின இடமே இல்ல. ஏட்டய்யா, கொஞ்சம் பிடிங்க."

இழுவைப் படகில் ஓட்டுபவன் கால் வைக்கும் இடம் குறுகிய பள்ளம். விறைத்த கயிற்றை அதில் இறக்கினார்கள். தொட்டிலில் பிள்ளையைப் போட்ட மாதிரி இடைவெளியின்றி உட்கார்ந்தது.

பட்டாசு கேமராவை உயர்த்தினார். பிறகு எடுக்காமலே இறக்கிக்கொண்டார்.

"மிதப்புல ஏற வந்த கூட்டம் பாறைப் பக்கம் வெயில்ல நின்னுச்சு அக்கா," என்றான் தம்பி. அவன் யாரையும் பார்க்கவில்லை. "கரைக்கே கொண்டாந்து ஏத்துடான்னு முதலாளிதான் கத்தினாரு. அந்தக் கிழக்கு முனையிலதான் படகு தரை தட்டாம வரும். மாமா மருந்து ரூம்ல இருந்தாரு. ரெண்டு நடை போயிட்டுத் திரும்பக் கட்டிடலாம்னுதான்..."

"கயித்தை அவுக்கச் சொன்னேனா நான்?" என்று குத்தகைக்காரர் பாய்ந்தார். "ஏட்டய்யா, நீங்களே கேளுங்க, அப்படி ஒரு வார்த்தை சொன்னேனா?"

சொல்லவில்லைதான். அந்த மாதிரி வேலையை யாரும் வார்த்தையில் சொல்வதில்லை. ஏட்டு தன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கயிறு இல்லாத இடம் ஆழமில்லாத இடம்னு அந்தப் பொண்ணு நம்பியிருக்கா," என்றார் ஆமை. "எல்லாரும் தண்ணியைப் பார்த்து ஓடினப்போ, நீ கயித்தை இங்க கொண்டாந்து போட்டே. உன் மாமா அவளைத் தூக்க நீந்திப் போனாரே, அப்பவே கயிறு மாட்டுற கொக்கி காலியா இருந்ததைப் பார்த்துட்டாரு. அந்த இடத்துல கயித்தை அவுத்தா யாருக்கு லாபம்னு அவருக்குத் தெரியாதா? உங்க அக்காவுக்காக வாயை மூடிகிட்டாரு."

தம்பி அக்காவின் கையைப் பிடிக்க வந்தான். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. கையை மட்டும் இழுத்துக்கொண்டாள். ஏட்டைப் பார்த்தாள்.

"அவரை எப்ப விடுவீங்க?"

"இவன் எழுதிக் கொடுத்தா, காலையில விட்டுடுவாங்கம்மா."

ஏட்டு தம்பியின் தோளைத் தொட்டார். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படகுத்துறைக்கு நடந்தான்.

"அக்கா, என்னைப் பார்க்க வருவியா?"

அவள் தூக்குச்சட்டியை மணலில் வைத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சாப்பாடு வரும்டா. தினமும் உன் மாமா கொண்டு வருவாரு."

அதுவரை நடந்துகொண்டிருந்தவன் அங்கேயே, ஈர மணலில், உட்கார்ந்துவிட்டான்.